சூத்திரத்துக்கு முந்திய பாதி

தெலங்காணாவில் பொறியியற் கல்லூரியில் இடம் தேடும் பிள்ளைகள் எழுதியாக வேண்டிய பொது நுழைவுத் தேர்வில், அதாவது அரசாங்கம் அவ்வப்போது என்ன பெயர் சூட்டினாலும் ஊரார் இன்றளவும் 'எம்செட்' என்றே வழங்கிவரும் அந்தத் தேர்வில், கேட்கப்படும் வினாக்கள் 160. கொடுக்கப்படும் நேரம் 180 நிமிஷம். வினாக்களில் பௌதிக சாஸ்திரத்துக்கு உரியவை 40. வகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்கு அறுபத்தேழரை விநாடி விழுகிறது. தமிழ்நாட்டு வாசகர்கள் இதைக் கேட்டு தெலங்காணாப் பிள்ளைகளுக்காக இரக்கப்பட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் நீட் தேர்விலும் 180 வினாவுக்கு 180 நிமிஷந்தான், அதில் பௌதிகத்தின் பங்கு 45.

அந்த அறுபத்தேழு விநாடியில் ஒரு பிள்ளையின் மனம் எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் செய்கிறது. வினாவை ஒரு முறை ஓட்டமாக வாசிக்கிறது. இது எந்த 'மாடல்' என்று இனங்காண்கிறது. அந்த மாடலுக்குரிய சூத்திரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, எண்களைப் பிரதியிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைச் சுட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. இதற்குச் சாமர்த்தியம் வேண்டியதில்லை என்று சொல்பவர் அப்படிப்பட்ட தேர்வை ஒரு நாளும் எழுதிப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். ஆயினும், வினாவில் சொல்லப்பட்ட கல்லோ, வண்டியோ, கம்பியோ மெய்யாகவே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு கணம் நின்று மனக்கண்ணால் பார்ப்பதற்கு அந்த நேரத்துக்குள் அவகாசமில்லை. தேர்வில் அவகாசமில்லாத ஒன்றை இரண்டு வருஷம் பொறுமையாகப் பழக்கிக் கொடுக்க எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் நோக்கமில்லை. அப்படிப் பழக்கப்படாமல் போகிற அந்தப் பார்வைதான் பௌதிக சாஸ்திரத்தின் முதற்பாதி என்பது என் அபிப்பிராயம். கணக்கின் பின்பாதியை, அதாவது சூத்திரம் கைக்கு வந்த பிறகு நடக்கும் காரியத்தை, ஹைதராபாத் இந்தியாவுக்கே கற்றுக்கொடுக்கும். முன்பாதியைத்தான் அது தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தவறிவிட்டது.

இந்த நகரம் இப்படி ஆனதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1980-களில் நல்லகுண்டாவில் சுக்கா ராமையா என்ற கணித ஆசிரியர் ஐ.ஐ.டி. தேர்வுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் நடத்தலானார். அதில் சேர்வதற்கே ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அந்த நுழைவுத் தேர்வில் தேறுவதற்கு வேறு சிலர் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள் என்பதை இந்நகரத்தார் இன்றும் சிரித்துக்கொண்டே, ஆனால் உள்ளூர ஒரு பெருமையோடு, சொல்வார்கள். அந்நாளைய ஐ.ஐ.டி. தேர்வில் விரிவாக எழுதிக் காட்ட வேண்டிய கணக்குகள் இருந்தன. பிள்ளை என்ன விடைக்கு வந்தான் என்பதோடு எந்த வழியாக வந்தான் என்பதும் திருத்துவோர் கண்ணில் பட்டது. 2006-ஆம் ஆண்டு முதல் அந்தத் தேர்வு முழுமையும் விடையை மட்டும் குறிக்கும் முறைக்கு மாறிற்று. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வை வேறு எப்படி நடத்துவது என்ற நிர்வாகத்தின் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பிள்ளை நடந்து வந்த வழியை எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, வழியைக் கற்பிக்கிற ஆசிரியருக்கும் அதைக் கற்கிற மாணவனுக்கும் எஞ்சியிருக்கிற ஊக்கம் எவ்வளவு என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். இன்று ஆறாம் வகுப்பிலேயே 'ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் இந்த ஓட்டம் ஆரம்பமாகிவிடுகிறது. அமீர்பேட்டையிலும் தில்சுக்நகரிலும் மாடிக்கு மாடி தொங்கும் விளம்பரப் பலகைகளில் புன்னகை செய்யும் முகங்களுக்குக் கீழே ரேங்க் எண்கள் மட்டுமே இருக்கின்றன.

"ஆயிரம் கணக்குப் போட்டால் தானாகவே விளங்கிவிடும்" என்பது இந்த ஊர் ஆசிரியர்கள் பலர் மெய்யாகவே நம்புகிற சித்தாந்தம். இதைப் பரீட்சித்துப் பார்த்த இருவர் கொரிய தேசத்தவர். கிம், பாக் என்ற அந்த ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிஸிக்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, நம் நாட்டு ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது வாசிக்கத் தக்கது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக 300 முதல் 2,900 வரை, சராசரியாகச் சுமார் 1,500 கணக்குகள் போட்டுவிட்டு வந்த 27 மாணவர்களை அழைத்து, எண்களே இல்லாத எளிய கேள்விகளை அவர்கள் கேட்டார்கள். விசை எது, வேகம் எது, வேகவளர்ச்சி எது என்ற அடிப்படையிலேயே பழைய குழப்பங்கள் அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் தொகைக்கும் விளங்கிய விஷயத்தின் ஆழத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கவில்லை. கொரியாவிலும் தேர்வுப் பித்து நம்மவர்களுடையதற்குக் குறைந்ததன்று என்பதால், இந்த முடிவை 'அது வெளிநாட்டுச் சமாசாரம்' என்று தள்ளிவிடவும் வழியில்லை.

அந்தக் குழப்பம் எப்படிப்பட்டது என்பதைக் காண ஒரு கல் போதும். கல்லை நேர் மேலே எறிகிறோம். கையை விட்டுப் புறப்பட்டு அது மேலேறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தருணத்தில் அதன்மீது செயற்படும் விசைகள் எவை? இண்டர்மீடியட் இரண்டாம் வருஷத்து, அதாவது நம்மூர்ப் பன்னிரண்டாம் வகுப்பு, மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். கல் எத்தனை மீட்டர் உயரும், எத்தனை விநாடியில் திரும்பும் என்றால் கேட்டு முடிக்குமுன் விடை வந்துவிடும். விசை எது என்றால் தயக்கம் வரும்; தயக்கத்துக்குப் பின்னால், 'மேல்நோக்கி ஒரு விசை இருக்கிறது, அது கொஞ்சங் கொஞ்சமாகக் குறைகிறது, உச்சியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன' என்ற விடை வரும். நியூட்டனுக்குப் பல நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பியப் பண்டிதர்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதுவே என்பதால், இதைச் சொல்லும் பிள்ளையை மூடன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிரத்தியட்சம் அப்படித்தான் தோற்றம் காட்டுகிறது. கையின் விசை கையோடு நின்றுவிட்டது, காற்றின் சிறு தடையை ஒதுக்கிவிட்டால் கல்லின்மேல் இருப்பது பூமியின் இழுப்பு ஒன்றே, உச்சியிலும் அது ஒரு துளியும் குறையவில்லை, அங்கே கல்லுக்கு வேகம் இல்லாமற் போனாலும் வேகம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள, கண் கண்டதை அனுமானத்தால் திருத்திக்கொள்ளும் ஒரு பெரிய மனப்பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வராமலே மேற்படி கல்லைப் பற்றி நூறு கணக்குகள் சரியாகப் போட்டுவிடலாம் என்பதுதான் இந்த விவகாரத்தின் வினோதம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அபிட்ஸ் நடைபாதையில் விரிக்கப்படும் பழைய புத்தகக் கடைகளில் நிற்பவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும். எச்.சி. வர்மா 1992-இல் வெளியிட்ட பௌதிகப் பாடநூலின் இரண்டு பாகங்களும், மாஸ்கோவின் மீர் பதிப்பகத்து இரோடவின் கணக்குத் தொகுதியும் அங்கே குவியலில் கிடக்கும். வர்மாவின் நூலில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் எண்களே இல்லாமல், யோசித்து இரண்டு வரியில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் ஒரு தொகுதியாக இருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்தின் ரத்தினம் அதுவே. நான் புரட்டிப் பார்த்த பிரதிகளில், எண் கணக்குகள் உள்ள பக்கங்கள் பென்சில் கோடும் டிக் அடையாளமும் எண்ணெய்ப் பிசுக்குமாக நைந்து போயிருக்க, அந்தக் கேள்விகளின் பக்கம் மட்டும் அச்சகத்திலிருந்து வந்தபடியே வெள்ளையாக இருந்தது.

இத்தனைக்கும் ஹைதராபாத் ஒரு பௌதிகப் பாடநூலைப் போல அமைந்த ஊர். கோல்கொண்டாக் கோட்டைக்குப் போகிறவர்களை வழிகாட்டிகள் வாயிலின் குவிமாடத்துக்கு அடியில் நிறுத்திக் கைதட்டச் சொல்வார்கள். அந்த ஓசை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், 400 அடி உயரக் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸாருக்குக் கேட்கும் என்றும், பகைவர் வருகையை அறிவிக்கக் குதுப் ஷாஹி அரசர்கள் செய்துவைத்த தந்திரம் அது என்றும் சொல்வார்கள். பள்ளிச் சுற்றுலாவில் வருகிற பிள்ளைகள் கைதட்டிவிட்டு, வியந்துவிட்டு, பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் அவர்களை அங்கேயே பத்து நிமிஷம் உட்காரவைத்து, 'ஓசை மேலே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?' என்று கேட்கலாம். விநாடிக்கு 340 மீட்டர் என்றால் மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு. இது சூத்திரம், இதில் ஒன்றுமில்லை. அடுத்த கேள்வியில்தான் சாஸ்திரம் ஆரம்பமாகிறது. கோட்டையே இல்லாமல் வெட்டவெளியில் ஒருவர் கைதட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கேட்குமா, கேட்காதா?

ஓசை எல்லாத் திசையிலும் பரவுகிறது. தூரம் இரட்டித்தால் அதன் செறிவு நாலில் ஒன்றாகிறது. ஒரு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்குப் போகும்போது பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிறது. காது இதைப் பெருக்கலாக உணராமல் படிப்படியாக உணர்வதால், டெசிபல் கணக்கில் அது 60 குறைவு. பலமாகத் தட்டிய கைகளின் ஓசை ஒரு மீட்டரில் 90 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டரில் எஞ்சுவது 30. காற்று உறிஞ்சும் பங்கை இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். அது ஏறக்குறைய ஒரு ரகசியப் பேச்சின் அளவு. மோட்டார் வாகனம் ஒன்றுகூட ஓடாத பதினாறாம் நூற்றாண்டு இரவில், கவனமாகக் காது கொடுத்திருக்கும் காவலாளிக்கு அது கேட்டிருக்கக்கூடும். இன்றைய பகலில் வெட்டவெளியில் கேட்காது. ஆகவே குவிமாடத்தின் பங்கு மாயவித்தையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நாலா புறமும் சிதறியிருக்க வேண்டிய ஓசையில் ஒரு பகுதியைத் திரட்டி மேல்நோக்கித் திருப்பிவிட்டாலே போதுமானது. இந்த முடிவுக்கு வந்த பிள்ளைக்குக் கோல்கொண்டாவின்மேல் மதிப்புக் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். அதைக் கட்டிய கொத்தனார்கள் எதை அறிந்து எதைச் செய்தார்கள் என்று முதன்முறையாகத் தெரிந்துகொண்ட பிள்ளை அவர்களை மேலும் மதிப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய கணக்கு ஹுசேன் சாகர் ஏரியின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. என்.டி. ராமராவ் முதலமைச்சராயிருந்தபோது விரும்பி ஏற்பாடு செய்து, கணபதி ஸ்தபதி ஒரே பாறையில் செதுக்கிய 18 மீட்டர் உயரப் புத்தர் சிலை, 1990 மார்ச் 10-ஆம் தேதி மிதவையில் ஏற்றி ஏரியின் நடுவிலுள்ள பாறைத் திட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் சரிந்து நீரில் விழுந்தது; உடனிருந்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். இரண்டரை வருஷத்துக்கு மேல் அடிச்சேற்றிலே கிடந்த சிலையை மீட்டு, 1992 டிசம்பர் 1-இல் நிறுவினார்கள். அதன் எடை 350 டன் என்று சிலரும் 450 டன் என்று சிலரும் எழுதுகிறார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன், ஒரு பயிற்சிக் கல்லூரியின் விடுதியிலே தங்கிப் படிப்பவன், தசரா விடுமுறைக்கு வந்திருந்த சமயம், மொட்டைமாடியில் அவனிடம் உயரத்தை மட்டும் சொல்லி எடையைக் கேட்டேன்.

"டேட்டா பத்தலையே, அங்கிள்."

"என்ன பத்தலை?"

"வெயிட் வேணும்னா வால்யூம் வேணும், டென்சிட்டி வேணும். நீங்க ஹைட் மட்டும்தானே சொல்றீங்க."

"சரி, தம்பி. உன் ஹைட் என்ன, வெயிட் என்ன?"

"ஒண்ணு புள்ளி ஏழு மீட்டர். அறுபது கிலோ." சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஓ, அப்ப பத்தரை மடங்கு. அறுநூத்தி முப்பது கிலோ." உடனே அவனே சிரித்துவிட்டான். "இல்ல அங்கிள், அறுநூறு கிலோன்னா குட்டி யானையிலயே ஏத்திட்டுப் போயிருப்பாங்களே."

விடை அபத்தம் என்பதை அவன் தானாகவே கண்டுகொண்டதைத்தான் நான் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அதைக் கண்டுகொள்ள எந்தச் சூத்திரமும் உதவியிருக்காது. உயரம் பத்தரை மடங்கானால் அகலமும் பருமனும் அதே விகிதத்தில் வளரும், ஆகவே கன அளவு பத்தரையை மும்முறை பெருக்கிய மடங்காக, ஏறக்குறைய 1,200 மடங்காக வளரும் என்று அடுத்த நிமிஷத்தில் சொன்னான். அறுபது கிலோவை 1,200-ஆல் பெருக்க 72 டன். மனித உடல் தண்ணீரில் மிதப்பதும் மூழ்குவதுமாக இருப்பதால் அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியது. கருங்கல் நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தியானது. ஆகையால் கல்லிலே செய்த பையனின் எடை 194 டன். "புக்ல எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்டான். 350 முதல் 450 என்றேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் யோசித்தான். பிறகு, "அவர் அங்கி போட்டிருக்காரு அங்கிள். கால் வரைக்கும் தொங்குது. நடுவுல காலி இடமே இல்ல, எல்லாம் கல்லுதான். நான் ஒல்லி வேற" என்றான். இரண்டு மடங்கு வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல சமாதானம் எனக்கும் தெரியாது. அன்று மாலை அவன் செலவிட்டது ஏறக்குறைய நாற்பது நிமிஷம். தேர்வுக் கணக்கில் அது முப்பத்தைந்து வினாக்களின் நேரம்.

அங்கிருந்து மேற்கொண்டு போவதற்கு வழி தானே திறந்துகொள்கிறது. எடையை 400 டன் என்று கொள்வோம். மிதவை 40 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ளதென்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சிலையை ஏற்றியதும் அது கூடுதலாக எவ்வளவு அமிழும்? நானூறு டன் நீரை ஒதுக்க வேண்டும், பரப்பு 400 சதுர மீட்டர், ஆகவே ஒரு மீட்டர். அப்படியானால் நேராக அமிழ்வதால் ஆபத்தில்லை. சிலை நடுவைவிட்டு ஒரு பக்கமாக நகர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. சேற்றிலே கிடந்த சிலை ஒதுக்கிய நீரின் எடை 148 டன் ஆகையால், மீட்கப் போனவர்களுக்கு நீருக்குள் அது 252 டன்னாகத் தோன்றியிருக்கும்; சேற்றின் பிடிப்பு தனி. தலை நீரைவிட்டு வெளிவந்த கணத்திலிருந்து பாரம் கூடிக்கொண்டே போயிருக்கும். ஆர்க்கிமிடீஸ் விதி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் நான்கு வரியில் இருக்கிறது; மாணவர்களும் அதை ஒப்பிப்பார்கள். இந்த நகரத்துப் பிள்ளைகள் ஏரிக்கரை நெக்லஸ் ரோட்டில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு அந்தச் சிலையை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அந்த நான்கு வரிக்கும் அதற்கும் உறவு உண்டென்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மற்றவற்றை விரித்துரைக்கப் போவதில்லை. காஜாகூடாவிலும், ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்திலும், ஜூபிலி ஹில்ஸில் வீடு கட்டுவோரின் வெடிக்குத் தப்பிய மூலைகளிலும், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் சுமார் 250 கோடி வருஷத்துப் பாறைகள், ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் நேர்கோடு அடித்தளத்துக்குள் இருக்கும்வரை பொருள் கவிழாது என்ற விதியை அன்றாடம் மெய்ப்பித்துக்கொண்டிருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு முறை, மே 9-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 3-ஐ ஒட்டியும், நண்பகலில் இங்கே நேர்க் கம்பத்துக்கு நிழல் இராது. மே மாதத்தில் அது 12 மணி 12 நிமிஷ அளவிலும் ஆகஸ்டில் அதற்குப் பத்து நிமிஷம் பின்னாலும் நேர்வது ஏன் என்று கேட்டால், இந்திய நேரத்தை நிர்ணயிக்கிற, அலகாபாத்தை ஒட்டிய தீர்க்கரேகையிலிருந்து பூமியின் அச்சுச் சாய்வு, நீள்வட்டப் பாதைவரை பேச வேண்டியிருக்கும். இவையெல்லாம் காசு கொடாமல் கிடைக்கும் ஆய்வுக்கூடங்கள். ரியல் எஸ்டேட்காரர்கள் பாறைகளை வெடிவைத்துத் தீர்ப்பதற்குள் பயன்படுத்திக்கொண்டால் நல்லது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதில் நியாயமான வாதம் ஒன்று உண்டு. இந்தப் பயிற்சி முறையைக் குறை கூறுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிக் கவலையற்ற வசதி படைத்தவர்கள். நல்கொண்டாவிலோ மகபூப்நகரிலோ சிறு விவசாயியின் வீட்டில் பிறந்த பையன், ரசனையோடு கோட்டையில் உட்கார்ந்து ஓசையை அளந்துகொண்டிருந்தால் அவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள், சூத்திரமும் வேகமுந்தானே அவனைக் கரையேற்றியது என்பது அந்த வாதம். இதன் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரிகளின் வாயிலைத் தெலுங்கு நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டதில் இந்தப் பயிற்சி நிலையங்களுக்குள்ள பங்கை மறைப்பது நன்றியற்ற செயல். அப்பியாசம் வேண்டாம் என்று சங்கீத வித்வான் எவரும் சொல்லமாட்டார். பௌதிகத்திலும் கை பழக வேண்டும், சூத்திரம் நினைவில் நிற்க வேண்டும், பெருக்கல் பிழையின்றி வர வேண்டும். ஆனால் அந்த விவசாயியின் மகன் தேர்வில் தேறிக் கல்லூரிக்குள் போன பிறகு நடப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே 'மாடல்' எழுதிக் கொடுக்க யாருமில்லை. பாலத்தின் ஆட்டமும், மின்மாற்றியின் சூடும், பம்பின் இரைச்சலும் வினாத்தாளின் உருவத்தில் அவன்முன் வந்து நிற்பதில்லை. எது பொருட்படுத்தத் தக்கது, எதை ஒதுக்கலாம் என்று அவனே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் பொறியாளரான தகப்பனோ சித்தப்பாவோ இருப்பார். இல்லாதவனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு புகலிடம் கிடையாது. ஆகவே அந்த முன்பாதியைக் கற்பிக்காமல் விடுவதால் அதிகம் நஷ்டமடைகிறவன், எவன் பொருட்டு இந்த வாதம் செய்யப்படுகிறதோ அவனேதான்.

ஆசிரியர்கள்மீது பழியைச் சுமத்தவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளில் ஆறு மணி நேரம் கரும்பலகையின்முன் நின்று, வாராந்தரத் தேர்வின் சராசரி குறைந்தால் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவரிடம், 'ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் செலவிடுங்கள்' என்று உபதேசம் செய்வது சுலபம். தேர்வு கேட்பதை அவர் கற்பிக்கிறார். தேர்வு வேறொன்றைக் கேட்டால் அதையும் அவரே, இதே கெட்டிக்காரத்தனத்தோடு, கற்பித்துவிடுவார். ஹைதராபாத்தின் ஆசிரியர்களிடத்தில் எனக்கு அந்த நம்பிக்கை பூரணமாக இருக்கிறது.

நுழைவுத் தேர்வுகளை மாற்றுவது தில்லியும் நீதிமன்றமும் சம்பந்தப்பட்ட நீண்ட விவகாரம். அது நடக்கும்போது நடக்கட்டும். இண்டர்மீடியட் வாரியத்தின் பௌதிகத் தேர்வோ இந்த ராஜ்யத்தின் கையிலேயே இருக்கிறது. அதில் பிள்ளைகள் இன்றும் பேனா பிடித்து எழுதுகிறார்கள். அந்த விடைத்தாள்களை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கையால் திருத்துகிறார்கள். 'திருத்த ஆளில்லை' என்ற காரணம் இங்கே செல்லாது. 60 மதிப்பெண் கொண்ட அந்தத் தாளில் பத்து மதிப்பெண்ணை, போதிய விவரம் தரப்படாத ஒரே ஒரு கேள்விக்கு ஒதுக்கட்டும். உதாரணமாக: 'ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, தரைத்தளத்துக் குழாயில் நீர் பீறிட்டு வருகிறது, ஐந்தாம் மாடியில் மெல்ல ஒழுகுகிறது, காரணத்தைப் படம் வரைந்து விளக்குக, வேண்டிய அளவுகளை நீயே மதிப்பிட்டுக்கொண்டு, இரண்டு குழாய்களிலும் நீரின் அழுத்தம் என்ன விகிதத்தில் இருக்கும் என்று கணக்கிடுக, உன் மதிப்பீடு எங்கே தவறியிருக்கக்கூடும் என்றும் சொல்லுக.' விடைக்கு மூன்று மதிப்பெண், படத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ஐந்து, தவறக்கூடிய இடத்தைச் சொன்னதற்கு இரண்டு. அடுத்த ஜூன் மாதத்துக்குள் அமீர்பேட்டையில் இதற்கும் ஒரு 'மெட்டீரியல்' அச்சாகி விற்பனைக்கு வந்துவிடும் என்பதை நான் அறிவேன். வரட்டும், அதைப் படிக்கிற பிள்ளை படம் வரைந்துதான் தீர வேண்டும்.